முப்பத்தொரு மணி நேரப் பனி

முப்பத்தொரு மணி நேரம் பதிந்திருந்தது. முப்பத்தொரு மணி நேரமும் பனி.

லோஜினி ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வேகமாக ஓட்டினாலும் பனி, மெதுவாக ஓட்டினாலும் பனி. நடுவில் சில இடங்களில் கேட்டின் கம்பிகள் தெரிந்தன. ஒரு நாய் வந்து நின்று, ஏதோ யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. மற்றபடி, கொதிக்கிற சோற்றுப் பானைக்கு மேலே கேமராவைக் கட்டித் தொங்கவிட்டது போல வெள்ளையாகப் புகைந்துகொண்டே இருந்தது.

"ஆள் வந்தானா?" என்று பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

"பனி வந்துச்சுப்பா."

"ஞாயித்துக்கிழம விடிய யாரோ நடமாடின சத்தம் கேட்டுச்சே. அத எடு."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிவுப் பெட்டியில் இல்லை என்பதை அவள் மூன்றாவது தடவையாக விளக்கினாள். பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க் ஒரு பானை மாதிரி. நிரம்பினால் பழையதை ஊற்றிவிட்டுப் புதியதைப் பிடிக்கும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஒரு வாரம் பதியும், உச்சத்தில் வைத்தால் ஒன்றேகால் நாள்தான். உச்சத்தில் வைக்கச் சொன்னது அப்பா. அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி வைத்து அவள் இடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தாள். ஆனால் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலை மலையில், அந்தியிலிருந்து விடியும்வரை அசைவது பனிதான். பெட்டி அதை ஒரு துளி விடாமல் பதிந்து வைத்திருந்தது.

"அப்ப படமும் தெளிவா இருக்கணும், நாளும் கூட இருக்கணும். அப்பிடி ஒன்னு வாங்கு," என்றார் அப்பா பொன்னையா, கடையில் சீனி வாங்கச் சொல்வது போல.

திருப்பிப் பேசாமல் இருப்பது லோஜினிக்குப் பழக்கம். பேராதனையில் நாலு வருடம் பௌதிகவியல் படித்தபோதும் விரிவுரை மண்டபத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்த அந்த 2008ஆம் ஆண்டில், வயர் உள்ள எதுவானாலும் அவள் தலையில்தான் வந்து விழுந்தது. பௌதிகம் என்றால் கரண்ட் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு தண்ணீர் மோட்டார். வீட்டுக்குக் கீழே ஓடையில் பூட்டியிருந்ததை ஒரு விடியற்காலை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது போனது பெரிய விஷயமில்லை, வேறு வாங்கியாயிற்று. ஆனால் அன்று விடியும்போது ஜன்னல் வழியாகக் கேட்டடியில் ஆளைப் பார்த்ததாகவும், அது தோட்டத்து ராக்காவல்காரர் செல்லசாமிதான் என்றும் அப்பா தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லிவிட்டார். "மூஞ்சியப் பாத்தேன், சார்" என்றாராம். அதற்கு மேல் துரை என்ன கேட்பார்? பொன்னையா அந்தத் தோட்டத்து டீமேக்கர். அரைத்த இலை செம்பு நிறத்துக்குத் திரும்புகிற நிமிடத்தைப் பார்த்துச் சொல்கிற மனிதர். அவர் கண்ணை நம்பித்தான் முப்பது வருடமாகப் பாக்டரி ஓடுகிறது. அடுத்த சித்திரையில் ஓய்வு.

செல்லசாமியை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். மாதக் கடைசியில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால், மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிற, தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். தொழிற்சங்கத்துத் தலைவர் ஆண்டியப்பன் ஆபீசுக்கே போய், டீமேக்கர் ஐயா பொய் சொல்ல மாட்டார், ஆனாலும் வாய்ச்சொல் ஒன்றை வைத்து ஒரு குடும்பத்தை இறக்கிவிட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அது அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வாய்ச்சொல் போதாதென்றால் படம் காட்டுகிறேன் என்றார். திருடியவன் திரும்ப வருவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா பூரணி மட்டும் அன்றைக்கு ஒன்று சொல்லிப் பார்த்தாள். அந்த நேரம் பால்காரர் எடுத்துப் போகப் பால் கேனை வைக்கத் தானும் கேட்டடிக்குப் போனதாகவும், யாரையும் காணவில்லை என்றும். நீ பால் கேனைப் பார்த்திருப்பாய் என்று அப்பா அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிட்டார்.

லோஜினிக்குச் செல்லசாமியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மற்றவர்களெல்லாம் ரெயின்கோட்டுக்கு மாறிவிட்ட பிறகும் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு காவலுக்குப் போகிறவர். அவர் எடுத்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நல்ல படம் ஒன்று இருந்தால் நல்லதுதான் என்று நினைத்தாள். அதனால்தான் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வாங்கியது இருப்பதிலேயே மலிவான கேமரா, படத்தின் துலக்கம் நானூற்று இருபது லைன். மாட்டியதும் சோதித்துப் பார்க்க அவளே போய்க் கேட்டடியில் நின்றாள். உள்ளே டிவிக்கு முன்னால் அப்பா. யார் தெரிகிறது என்று அங்கிருந்தே கேட்டாள். யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். திரும்பிக் காட்டு என்றார். திரும்பினாள். கிட்டப் போ என்றார். கேமராவுக்கு நேர் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள், கழுத்து வலித்தது.

"கரியும் சாம்பலும் பூசின மாதிரி இருக்கு. இதுல யாரக் கண்டுபிடிக்கிறது? திருப்பிக் குடுத்துரு."

இரண்டாவது நானூற்று எண்பது லைன். சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்பு பல்புகள், இருட்டிலும் தெரியும் என்றார்கள். அதுதான் பனியைப் பிடித்தது.

இரண்டையும் கொடுத்த கடை ஹட்டனில் இருந்தது. பஸ்ஸில் போகும்போதே கடையில் பேச வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போவாள். கடைக்காரர் உமாசுதன் யாழ்ப்பாணத்தவர். அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசி முடித்துவிடுவார்.

"திரும்பக் கொண்டந்திட்டீங்களோ? உங்கட அப்பாவுக்கு நான் சட்டலைட்தான் வாங்கிக் குடுக்க வேணும்," என்றார் இந்த முறை. "இஞ்ச பாருங்கோ தங்கச்சி. படம் துலங்கினா இடம் பிடிக்கும். இடம் பிடிச்சா பழசு அழியும். இதில என்னால ஒண்டும் செய்யேலாது. நான் கடவுளில்ல, கடைக்காரன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, வரிசைப்படுத்தி வைத்திருந்ததைச் சொன்னாள். வருகிற வழியில் பனி இறங்கியபோது பஸ் டிரைவர் பெரிய லைட்டை அணைத்துவிட்டுக் கீழ் லைட்டைப் போட்டதை அவள் பார்த்திருந்தாள். பெரிய லைட் போட்டால் பனி அந்த வெளிச்சத்தை டிரைவரின் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். கேமராவின் சிவப்பு பல்புகள் செய்வதும் அதுதான். ஆகவே பல்பு இல்லாத கேமரா வேண்டும். வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வரட்டும், கேட்டுக்குப் பக்கவாட்டில், தாழ்வாக, மஞ்சளாக.

உமாசுதன் சிறிது நேரம் அவளைப் பார்த்தார். பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். ஐந்நூற்று நாற்பது லைன். மங்கல் வெளிச்சத்திலும் வேலை செய்யும் லென்ஸ். கூடவே பெரிய டிஸ்க் ஒன்று. அதில் உச்ச தரத்திலேயே நாலு நாள் நிற்கும் என்றார்.

"இதுவும் சரியில்லையெண்டா, தங்கச்சி, கேமராவ விட்டிட்டு அப்பாவ மாத்துங்கோ."

அதை மாட்டி, கேட்டுத் தூணுக்குப் பக்கத்தில் மஞ்சள் பல்பு போட்டு, கரண்டுக்காகக் காத்திருந்தாள். கீழே நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற அணை தெரிந்தது. மேலே கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அந்தி சாய்ந்ததும் வந்தது. படத்தைப் பார்த்ததும் லோஜினிக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. பனி இருந்தது, ஆனால் பின்னால் ஒதுங்கி நின்றது. தூணில் உரிந்த சுண்ணாம்பு தெரிந்தது. தாழ்ப்பாளின் துரு தெரிந்தது.

அப்பா டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, கோணலாகப் பார்த்தார். துலக்கம் பத்தாது என்றார்.

எங்கே பத்தவில்லை என்று கேட்டாள். டிவிதான் பிழை என்றார். இரண்டு நாளில் இருபத்தொன்பது அங்குல டிவி ஒன்று பாக்டரி லொறியில் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் ஏறி வந்தது. அதை வைக்க அம்மா சாமிப் படங்களை வேறு சுவருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதிலும் அவருக்குத் திருப்தியில்லை.

அன்று லோஜினி ஒரு சோதனை செய்தாள். கோபம் வந்தால் அவளுக்குச் சோதனை செய்யத்தான் தெரியும். நாட்காட்டியிலிருந்து கிழித்துப் போட்டிருந்த பழைய தாள் ஒன்றை எடுத்து, பெரிய எண் வெளியே தெரியும்படி கேட்டில் கட்டிவிட்டு உள்ளே வந்தாள். திரையில் அந்த எண் நன்றாகத் தெரிந்தது. நாலு.

"அப்பா, கேட்டுல என்ன தேதி தெரியுது?"

"தேதி எனக்குத் தெரியாதா? பதினேழு."

அன்று பதினேழாம் தேதிதான். திரையில் இருந்தது நாலு. அப்பா பார்க்கக்கூட முயலவில்லை, வேண்டுமென்றே குறை சொல்கிறார் என்று அவளுக்குப் பட்டது. கேட்டில் கட்டிய தாளை இழுத்துக் கிழித்துக் கசக்கி எறிந்தாள். அப்படி அவள் செய்ததே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பேப்பர் வந்திருக்கிறது, அப்பாவுக்குப் படித்துக் காட்டு என்றாள். பேப்பர்காரன் இப்போது மையை மிச்சம் பிடிக்கிறான் என்பது அப்பா வெகுநாளாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு. ஆகையால் தினமும் லோஜினிதான் படிப்பாள். அன்று மரண அறிவித்தல்களிலிருந்து தொடங்கிக் கடகடவென்று படித்தாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. விடியும் நேரம். அப்பா வழக்கம்போல டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். லோஜினி எழுந்து வரும்போது அவர் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், குரல் நடுங்கியது, சந்தோஷத்தில். தலைவரே, ஆள் மாட்டிக்கிட்டான். இப்பத்தான், என் கண்ணு முன்னால. செல்லசாமியையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள், எல்லாரும் பார்க்கட்டும்.

முதலில் நான் ஒரு தடவை பார்க்கிறேன் என்றாள் லோஜினி. அவர் ரிமோட்டைக் கொடுக்கவில்லை. வந்த பிறகு போடு, முன்னே பின்னே தொட்டால் மாற்றிவிட்டார்கள் என்று சங்கத்தில் சொல்வார்கள் என்றார்.

அரை மணி நேரத்தில் வந்தார்கள். ஆண்டியப்பன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். செல்லசாமி உட்காரவில்லை. சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தலையை ஈரமாக வாரி, கதவோரம் நின்றார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார். அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். செல்லசாமி வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"போடு லோஜி."

அவள் பின்னால் ஓட்டி, நிறுத்தி, ஓடவிட்டாள்.

மஞ்சள் வெளிச்சம். பனி. இடது பக்கமிருந்து ஓர் உருவம் வந்தது, தலையோடு போர்த்திய கறுப்புக் கம்பளி. கேட்டடியில் குனிந்து எதையோ வைத்தது. நிமிர்ந்தபோது கம்பளி நழுவ, அதைச் சரிசெய்துகொண்டே பாதையை எட்டிப் பார்த்தது. முகம் நேராக விளக்குக்கு வந்தது. ஐந்நூற்று நாற்பது லைனும் அந்த முகத்தில் இருந்தன. புருவம் தெரிந்தது. மூக்குத்தி மின்னியது.

நல்ல படம், என்று ஒரு கணம் நினைத்தாள் லோஜினி. அதற்கு அடுத்த கணம்தான் அது யார் என்பது உறைத்தது.

"பாத்தீங்களா தலைவரே," என்றார் பொன்னையா. "அதே கம்பளி. அன்னைக்கும் இதேதான். இப்ப என்ன சொல்றீங்க?"

ஆண்டியப்பன் தன் கோப்பைக்குள் பார்த்தார். செல்லசாமி திரையைப் பார்த்தார், பிறகு தட்டோடு நின்ற பூரணியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஐயா, இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றார் ஆண்டியப்பன், மெதுவாக.

"எத்தன தடவ பாக்குறது? படிச்ச பிள்ள மாட்டின கேமரா. இதுக்கு மேல என்ன தெளிவு வேணும் ஒங்களுக்கு?"

லோஜினி படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினாள். திரை முழுக்க அம்மாவின் முகம். அப்பா அதற்கு நேர் எதிரே, தலையைச் சாய்த்தபடி, வெற்றி பெற்றவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அப்பா," என்றாள். "அந்த ஆளு கையில என்ன இருக்கு?"

"ஏதோ சாமான்."

"என்ன சாமான்பா?"

அவர் தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கேட்டடியில் கழுத்து வலிக்க அவள் அண்ணாந்து நின்றதும், நாலும் பதினேழும், மையை மிச்சம் பிடிக்கிற பேப்பர்காரனும் ஒவ்வொன்றாக அவள் மனதில் வந்து நின்றன. இத்தனை நாளும் அவள் கேமராவைத்தான் மாற்றிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட ஒரு வரி போதும். ஆனால் தலைவர் வழியாக அது ஆபீசுக்குப் போகும். ஆபீசிலிருந்து பாக்டரிக்குப் போகும். சித்திரைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

செல்லசாமி கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"மாசம் பூரா இதே பேச்சுங்க. பிள்ளைக ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குதுக. ஐயா நாந்தாங்குறாரு, நாந்தான்னே வச்சுக்கங்க. வேற தோட்டம் பாத்துப் போயிர்றேன்." குரலில் கோபமில்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது.

"ஏங்க," என்றாள் பூரணி. தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "அது நாந்தாங்க. கையில இருக்கது பால் கேன். குளிர் கூடின அன்னைக்கு மட்டும் மாட்டுக் கொட்டாயில ஆணியில தொங்குற கம்பளியப் போட்டுக்கிருவேன். மோட்டாரு போன அன்னைக்கும் அதத்தான் போட்டிருந்தேன். நீங்க மூஞ்சியப் பாத்ததாச் சொன்னீங்க. கம்பளியப் பாத்ததா சொல்லவே இல்லையே."

அப்பாவின் கை பக்கத்து முக்காலியில் கோப்பையைத் தேடியது. விரல்கள் முதலில் முக்காலியின் ஓரத்தைத் தொட்டன, பிறகு சாசரை, பிறகு கைப்பிடியை. எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆண்டியப்பன் தொண்டையைச் செருமினார். சங்க வேலையில் நரைத்தவர், வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர். பனியில் யாருக்கும் அப்படித்தான் தெரியும் என்றார். கேமராவும் புதுசு, இன்னும் சரியாகப் படியவில்லை போல. படம் தெளிவில்லாததால் ஐயா புகாரை வாபஸ் வாங்குகிறார் என்று துரையிடம் சொல்லிவிடலாம். செல்லசாமிக்கும் வேலை கிடைக்கும், ஐயாவுக்கும் ஒரு சொல் வராது.

"கேமரா சரியில்லன்னு சொல்லிரலாம்ங்க. பாப்பா ஒன்னும் நெனச்சுக்காது."

லோஜினி தலையாட்டினாள். அப்பா அவள் இருந்த பக்கம் திரும்பினார். கொஞ்சம் தள்ளி, அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்தார். அப்படிச் சொன்னால் செல்லசாமி பெயரில் அந்தத் திருட்டு பாதி ஒட்டிக்கொண்டே இருக்கும். ஐயா பார்த்தது பார்த்ததுதான், படம்தான் சரியில்லை என்று லயத்தில் பேசுவார்கள். அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"கேமரா நல்லாத்தான் இருக்கும், தலைவரே. எம் பொண்ணு மூணு தடவ ஹட்டனுக்கு அலைஞ்சு வாங்கினது."

அவர் கோப்பையை விட்டார். கதவிருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எனக்குத்தான் கண்ணு தெரியல, செல்லசாமி. அன்னைக்கும் தெரியல."